அலாஸ்காவில் சில்வர் சால்மன்: முதன்முறை ஆற்றோர லாட்ஜுக்குப் போகிறவர்களுக்கு

சில்வர் சால்மன் பிடிக்க அலாஸ்கா போக நினைக்கிறவர்கள் பெரும்பாலும் எந்த ராட் (தூண்டில் கம்பு) வாங்குவது, எந்த லூர் (செயற்கை இரை) நல்லது என்றுதான் விசாரிக்க ஆரம்பிக்கிறார்கள். அதையெல்லாம் லாட்ஜே கொடுத்துவிடும். நீங்கள் தீர்மானிக்க வேண்டியது வேறு: எந்த வாரம், எந்த ஆறு, அந்த ஆற்றில் லாட்ஜ் எந்த இடத்தில் இருக்கிறது. இந்த மூன்றும் சரியாக அமைந்தால் தூண்டிலையே தொடாதவர்கூட முதல் நாளில் மீனோடு மல்லுக்கட்டலாம். அமையாவிட்டால் எப்பேர்ப்பட்ட கெட்டிக்காரரும் ஒரு வாரம் நன்றாகச் சாப்பிட்டு, கரடி பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

இங்கே நான் சொல்வது தென்மேற்கு அலாஸ்காவை, அதாவது பிரிஸ்டல் விரிகுடாப் பக்கத்து நுஷகாக், அலக்னாக், டோகியாக் ஆறுகளையும் அதற்கு வடமேற்கே இருக்கும் கனெக்டோக்கையும் மனதில் வைத்து. இந்தப் பகுதிக்கு வெளியிலிருந்து சாலையே கிடையாது, விமானத்தில்தான் போக வேண்டும்.

மீனைப் பற்றிக் கொஞ்சம்

அலாஸ்கா ஆறுகளில் ஐந்து வகை சால்மன் ஏறும்: கிங், சாக்கை, சம், பிங்க், கடைசியாக சில்வர். சில்வருக்குக் கோஹோ என்றும் பெயர். கூழாங்கல்லுக்கு நடுவே பொரிக்கும் குஞ்சு ஒன்றிரண்டு வருடம், சில இடங்களில் அதற்கு மேலும், ஆற்றிலேயே வளர்ந்து, கடலுக்குப் போய்ச் சுமார் 18 மாதம் தின்று கொழுத்து, முட்டையிடப் பிறந்த ஆற்றுக்கே திரும்பும், முட்டையிட்டதும் செத்துவிடும். வழக்கமான எடை 8 முதல் 12 பவுண்டு. மாநிலச் சாதனை 26 பவுண்டு, 1976-ல் பிடிபட்டது.

கடலில் கண்டதையும் விழுங்கிய இந்த மீன் ஆற்றுக்குள் வந்ததும் தீனியை நிறுத்திவிடும். அப்புறம் ஏன் தூண்டிலைக் கவ்வுகிறது? கோபம் என்பார் ஒருவர், பழைய பழக்கம் என்பார் இன்னொருவர், கைடுக்குக் கைடு காரணம் மாறும். எதுவாக இருந்தாலும் பசியோடு இருக்கும் மீனுக்கு இயல்பான இரையைக் காட்ட வேண்டும், இதற்கு எரிச்சலைக் கிளப்புகிற பொருளைக் காட்ட வேண்டும். சில்வருக்கான லூர்கள் எல்லாம் திருவிழாக் கடைப் பொம்மை மாதிரி ரோஸ், ஆரஞ்சு, மஞ்சள்பச்சை என்று கண்ணைப் பறிப்பது அதனால்தான்.

எந்த வாரம், ஆற்றின் எந்தப் பகுதி

இந்தப் பக்கத்தில் ஜூலை கடைசியில் முதல் மீன்கள் தலைகாட்டும், ஆகஸ்ட் முழுக்க வரும், செப்டம்பரிலும் இருக்கும். முதன்முறை போகிறவர்களுக்கு ஆகஸ்ட் நடுவாரம் இரண்டையும் விட்டு வேறு எதையும் நான் சொல்ல மாட்டேன். ஜூலை கடைசியில் விலை குறைத்துக் கொடுக்கும் லாட்ஜ் எதற்காகக் குறைக்கிறது என்று யோசியுங்கள். மீன் ஒரு வாரம் தாமதித்தால் அந்தத் தள்ளுபடியால் பிரயோஜனம் இல்லை. செப்டம்பரில் மீன் பெரிதாக இருக்கும், கொசு குறையும், ஆனால் மழையும் காற்றும் கூடும், குட்டி விமானங்கள் பறக்காமல் நிற்கும் நாட்களும் கூடும்.

இன்னொரு விஷயம், நுஷகாக் மாதிரி ஆறுகளில் இரட்டைப்படை வருடங்களில் பிங்க் சால்மன் கூட்டம் கூட்டமாக வரும். சும்மா மீன் கடித்தால் போதும் என்கிறவருக்கு அது கொண்டாட்டம். சில்வருக்காகவே பணம் கட்டிப் போனவர், வீசும் ஒவ்வொரு வீச்சிலும் மூன்று பவுண்டு பிங்க்கைக் கழற்றிக் கழற்றி விட்டுக்கொண்டிருப்பார். லாட்ஜிடம் இதை நேரடியாகக் கேளுங்கள்.

ஆற்றின் எந்தப் பகுதி என்பது வாரத்துக்குச் சமமான முக்கியம். கடல் ஏற்றம் எட்டுகிற கீழ்ப்பகுதியில் லாட்ஜ் இருந்தால் ஒவ்வொரு ஏற்றத்துக்கும் புது மீன் உள்ளே வரும். வெள்ளிக்காசு நிறத்தில், சிலதின் உடம்பில் கடல் பேன் ஒட்டியபடியே. அந்தப் பேன் நன்னீரில் சில நாளில் உதிர்ந்துவிடும் என்பதால், அதைப் பார்த்தால் மீன் இப்போதுதான் கடலை விட்டது என்று தெரிந்துகொள்ளலாம். மேல்ப்பகுதியில் தண்ணீர் தெளிவாக, காட்சி அழகாக இருக்கும். ஆனால் மீன் வந்துசேர நாளாகும், சேரும்போது உடல் சிவந்து, ஆண் மீனின் மூக்கு கொக்கியாக வளையத் தொடங்கியிருக்கும். ஆகஸ்டில் போகிறவருக்குக் கீழ்ப்பகுதிதான் என் வாக்கு.

முன்பணம் கட்டும் முன்

ஒரு கைடுக்கு எத்தனை பேர் என்பதுதான் முதல் கேள்வி. இரண்டு பேர் என்றால் நல்லது, மூன்று சமாளிக்கலாம், நான்கு என்றால் பாதி நேரம் நீங்களே உங்களுக்குக் கைடு. அடுத்து, படகிலேயே ஆற்றில் போவார்களா, தினமும் விமானத்தில் வேறு ஆற்றுக்குக் கூட்டிப்போவார்களா என்று கேளுங்கள். இரண்டாவது வகைக்குச் செலவு மிக அதிகம், வானிலை கெட்டால் அன்றைய நாள் போச்சு. புதியவருக்குப் படகு லாட்ஜே போதும். சாதாரணமாக ஒரு வாரத்துக்கு ஆளுக்கு 5,000 முதல் 10,000 டாலர் வரை ஆகும், தினமும் பறக்கிற லாட்ஜ்கள் அதைத் தாண்டும். உள்ளூர் விமானம், லைசன்ஸ், மீன் பதப்படுத்தல், டிப்ஸ் எதெல்லாம் இதற்குள் அடங்கும் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

சைவம் சாப்பிடுகிறவர் யாராவது கூட வந்தால் பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள். வாரம் ஒருமுறை விமானத்தில் சாமான் வருகிற சமையலறை அது, போய் இறங்கிய பிறகு சொன்னால் உருளைக்கிழங்கும் சாலடும்தான் கிடைக்கும். மருந்து, மாத்திரை எல்லாம் பத்து நாளுக்குக் கூடுதலாக எடுத்துப் போங்கள். அவசரத்தில் மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் செலவை ஏற்கிற பயணக் காப்பீடு இல்லாமல் போகாதீர்கள், இதில் மட்டும் சிக்கனம் வேண்டாம்.

மீன்பிடி லைசன்ஸை அலாஸ்கா மீன் வனவிலங்குத் துறையின் இணையதளத்திலேயே எடுக்கலாம். வெளிமாநிலத்தவருக்கும் வெளிநாட்டவருக்கும் 7 நாளுக்கு 45 டாலர், 14 நாளுக்கு 75 டாலர். 16 வயதுக்குக் கீழே தேவையில்லை. கிங் சால்மனுக்குத் தனி முத்திரை வாங்க வேண்டும், சில்வருக்கு வேண்டாம். ஒரு நாளைக்கு எத்தனை மீன் வைத்துக்கொள்ளலாம், இரை பயன்படுத்தலாமா, எத்தனை தூண்டில் முள் என்பதெல்லாம் ஆற்றுக்கு ஆறு மாறும்; மீன் வரத்து குறைந்தால் பருவத்தின் நடுவிலேயே அவசர உத்தரவு போட்டு மாற்றியும் விடுவார்கள். போன வருடம் போய்வந்த நண்பர் சொன்னதை நம்பாமல் அந்த வார நிலவரத்தைப் பாருங்கள்.

போகும் வழியும் பையும்

வழக்கமான பாதை: சியாட்டில் வழியாகவோ நேராகவோ ஆங்கரேஜ், அங்கிருந்து கிங் சால்மன் அல்லது டில்லிங்ஹாம் ஊருக்கு ஒரு விமானம், அங்கிருந்து தண்ணீரில் இறங்கும் குட்டி விமானத்தில் லாட்ஜ். அந்தக் குட்டி விமானம் அநேகமாக பீவர் என்ற ஒற்றை எஞ்சின் ரகமாக இருக்கும். இதில் ஏறும்போது பையோடு சேர்த்து உங்களையும் எடை பார்ப்பார்கள், கூச்சப்படாமல் ஏறி நில்லுங்கள். பை 50 பவுண்டுக்குள், துணிப்பையாக இருக்க வேண்டும். சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டி அந்த விமானத்தின் பின்பக்க இடுக்கில் நுழையவே நுழையாது. கரடி ஸ்ப்ரேயைப் பயணிகள் விமானத்தில் கையிலும் கொண்டுபோக முடியாது, சரக்குப் பையிலும் வைக்க முடியாது, லாட்ஜில் இருக்கும். போகும்போது ஒரு நாள், வரும்போது ஒரு நாள் சும்மா விட்டு டிக்கெட் போடுங்கள். மூடுபனி இறங்கிவிட்டால் விமானி பறக்க மாட்டார், அவரை அவசரப்படுத்துவது உங்களுக்கும் நல்லதல்ல.

உடையில் ஒரே விதி, பருத்தி வேண்டாம். ஆகஸ்டிலும் பகலில் 10 முதல் 16 டிகிரி செல்சியஸ்தான், மழை வேறு. நனைந்த பருத்தி பனியனும் ஜீன்ஸும் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். உள்ளே மெல்லிய கம்பளி, மேலே ஃப்ளீஸ், அதற்கு மேல் நல்ல மழைக்கோட்டு. தண்ணீரில் இறங்கி நிற்க மார்புவரை வரும், தண்ணீர் புகாத கால்சட்டையான வேடர் வேண்டும். லாட்ஜில் வாடகைக்குக் கொடுத்தாலும் உங்கள் அளவு இருக்கிறதா என்று முன்பே கேளுங்கள், குறிப்பாகக் காலணி அளவை. இடுப்புப் பெல்ட்டை இறுக்கிக் கட்டாமல் ஆற்றில் கால் வைக்காதீர்கள், விழுந்தால் வேடருக்குள் தண்ணீர் ஏறாமல் தடுப்பது அதுதான். ஃபெல்ட் (அழுத்திய கம்பளி) அடிப்பாகம் வைத்த காலணியை அலாஸ்கா நன்னீரில் 2012-ல் தடை செய்தார்கள், ரப்பர் அடிப்பாகமே வாங்குங்கள். போலரைஸ்டு கண்ணாடி கட்டாயம்: தண்ணீருக்குள் மீனைப் பார்க்கவும், பறந்து வரும் முள்ளிலிருந்து கண்ணைக் காப்பாற்றவும். கொசுவுக்கும் கடிக்கும் ஈக்கும் முகவலை ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். டீட் கலந்த கொசுவிரட்டி மருந்து பூசினால் உள்ளங்கையைத் துடைத்துவிட்டு லைனை (தூண்டில் நூலை) தொடுங்கள், அது பிளாஸ்டிக்கை அரிக்கும்.

ஆற்றில்

காலை படகில் ஏறியதும் கைடு கேட்பார், முன்பு பிடித்திருக்கிறீர்களா என்று. உண்மையைச் சொல்லுங்கள். "கொஞ்சம் தெரியும்" என்று சொன்னால் அவர் உங்களை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு அடுத்தவரிடம் போய்விடுவார். "ஒன்றுமே தெரியாது" என்றால் பக்கத்தில் நின்று பத்து நிமிடம் கற்றுத் தருவார். அந்தப் பத்து நிமிடம்தான் வாரம் முழுக்க உதவும்.

புதியவர்களின் கண் தானாக வேகமாக ஓடும் தண்ணீருக்குப் போகும். சில்வர் அங்கே தங்காது. ஓட்டத்தை விட்டு ஒதுங்கிய மடு, கிளைக்கால் முட்டி நிற்கும் தேக்கம், சிற்றோடை வந்து சேரும் வாய், வளைவின் உள்பக்கம், விழுந்த மரத்துக்குப் பின்னால் சுழலும் மெதுவான நீர், இப்படிக் குளம் போலத் தெரிகிற இடத்தில் கூட்டமாக நிற்கும். கொஞ்ச நேரம் வீசாமல் பாருங்கள். மீன் முதுகு காட்டிப் புரளும், வாலால் தண்ணீரைத் தட்டும், சில சமயம் ஒரு வரிசையே நகர்வது மேற்பரப்பில் மெல்லிய அலையாகத் தெரியும். மழைக்குப் பிறகு ஆறு ஏறியிருந்தால் கரையோரப் புல்லை ஒட்டி முழங்கால் ஆழத்தில்கூட நிற்கும். அதனால் முதல் வீச்சைக் கரையிலிருந்தே, பக்கத்தில் வீசுங்கள். இறங்கி நடந்துவிட்டுத் தூரத்தில் வீசினால் இருந்த மீனை மிதித்து விரட்டியாயிற்று.

சுழலும் தகடு வைத்த லூரான ஸ்பின்னரைத்தான் முதலில் கையில் கொடுப்பார்கள், நான்காம் ஐந்தாம் எண் அளவில். எதிர்க்கரைப் பக்கமாக வீசுங்கள். அது விழுந்ததும் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி அமிழ விடுங்கள். பிறகு லைனைச் சுற்றி வைக்கும் ரீலை ஒருமுறை வெடுக்கென்று சுற்றினால் தகடு சுழலத் தொடங்கும். அந்தச் சுழற்சி ராட் நுனி வழியாக ஒரு மெல்லிய துடிப்பாகக் கைக்கு வரும். அந்தத் துடிப்பு நின்றுவிடாத அளவுக்கு மட்டும், எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாகச் சுற்றுங்கள். எல்லாரும் வேகமாகத்தான் சுற்றுவார்கள், கைடு நாள் முழுக்கத் திரும்பத் திரும்பச் சொல்லும் வார்த்தையே "மெதுவாக" என்பதுதான். கடி எப்போதும் கை அதிர விழாது. பல சமயம் துடிப்பு சட்டென்று நிற்கும், லைன் கனக்கும், அவ்வளவுதான். அதைப் பாசி என்று நினைக்காமல் ராடைப் பக்கவாட்டில் அழுத்தமாக இழுங்கள்.

லூர் காலடிக்கு வந்துவிட்டது என்று அவசரமாகத் தூக்காதீர்கள். சில்வர் பின்னாலேயே துரத்தி வந்து கடைசி இரண்டு மீட்டரில் கவ்வும் மீன். ஸ்பின்னருக்கு மசியாவிட்டால் கைடு, கனமான தலை வைத்த லூரான ஜிக்குக்கு மாற்றுவார்: நுனியை மெல்லச் சுண்டித் தூக்கி, விழ விட வேண்டும், அது விழும்போதுதான் கவ்வும், அதனால் விழும் நேரத்தில் லைன் தளர்ந்து தொங்கக்கூடாது. பத்து வீச்சில் ஒன்றும் நடக்கவில்லையா, இடத்தை மாற்றும் முன் நிறத்தை மாற்றுங்கள். ரோஸை ஒரு மணி நேரம் கண்டுகொள்ளாத கூட்டம் ஆரஞ்சைப் பார்த்ததும் பாய்வதுண்டு. மேகமூட்டமும் அதிகாலையும் சிறந்த நேரம், வெயில் ஏறினால் ஆழத்துக்கும் நிழலுக்கும் போய்விடும்.

மாட்டியதும் முதல் பாய்ச்சலில் தடுக்காதீர்கள். லைன் எவ்வளவு இறுக்கத்தில் ஓட வேண்டும் என்று ரீலில் வைக்கிற டிராக் சரியாக இருந்தால் லைன் தானாக ஓடும். மீன் ஓடும்போது நீங்களும் ரீலைச் சுற்றினால் லைன் முறுக்கிக்கொள்வதைத் தவிர வேறு எதுவும் நடக்காது. அது நிற்கும்போது சுற்றுங்கள், ராட் வளைந்தே இருக்கட்டும். சில்வர் தண்ணீரை விட்டு எகிறும், உடம்பை உருட்டும், ஓய்ந்துவிட்டது என்று நினைக்கும்போது வலையைப் பார்த்ததும் இன்னொரு ஓட்டம் எடுக்கும். பக்கத்தில் நிற்பவருக்கு மீன் மாட்டினால் உங்கள் லைனைச் சுற்றி எடுத்துவிடுங்கள், அது மரியாதை.

மயிர், இறகு கட்டிய லேசான லூரான ஃப்ளையை வீசும் ஃப்ளை ராட் பழகியவர்களுக்கு எட்டாம் எண் ராடும் ரோஸ் அல்லது ஊதா நிறத்தில் அட்டைப்பூச்சி போலத் தெரியும் லீச் ஃப்ளையும் போதும். ஆனால் தேக்க நீரில் பாலிவாக் போட்டுப் பார்க்காமல் திரும்பாதீர்கள். மான் மயிரால் செய்த கொழுத்த ரோஸ் ஃப்ளை அது, மூழ்காமல் மேலே கோடு கிழித்துக்கொண்டு வரும், பின்னால் தண்ணீர் புடைத்து எழும்பும், வாய் திறக்கும். அந்த நொடியில் இழுத்தால் ஃப்ளை வாயிலிருந்து பறிபோகும். கண்ணால் பார்த்ததை நம்பாமல், கையில் கனம் தெரிந்த பிறகு இழுக்க வேண்டும். சொல்வது சுலபம்.

வைத்துக்கொள்வதா, விடுவதா

முதலில் அது சில்வர்தானா என்று பாருங்கள். சில்வருக்கு முதுகிலும் வாலின் மேல்பாதியிலும் மட்டும் சிறு கரும்புள்ளி, பல் ஈறு வெளிறியிருக்கும். கிங்குக்கு வால் முழுக்கப் புள்ளி, ஈறு கறுப்பு. பிங்க்குக்கு வாலில் பெரிய நீள்வட்டப் புள்ளிகள். சாக்கைக்கும் சம்முக்கும் அப்படிப் புள்ளியே கிடையாது. சந்தேகம் இருந்தால் தண்ணீரிலேயே வைத்துக் கைடிடம் கேளுங்கள். சில ஆறுகளில் தண்ணீரை விட்டு வெளியே தூக்கிய சில்வர் உங்கள் கணக்கில் சேர்ந்துவிடும். வாயைத் தவிர வேறு இடத்தில் முள் குத்தியிருந்தால் நன்னீரில் அதை உடனே விட்டாக வேண்டும், இது சட்டம்.

விடும் மீனை ஈரக்கையால் பிடியுங்கள், செவுளில் விரலை விடாதீர்கள். வைத்துக்கொள்ளும் மீனைத் தலையில் ஓங்கி அடித்து, உடனே செவுளை வெட்டி, ஓடும் நீரில் ரத்தம் வடிய விடுங்கள். சில்வர் சதை சீக்கிரம் இளகிவிடும். ரத்தம் வடித்த மீனுக்கும் அப்படியே போட்ட மீனுக்கும் ருசியில் இருக்கும் வித்தியாசம் சமைக்கும்போது தெரியும். பெண் மீனின் சினையைக் கேட்டு வாங்குங்கள், பல கைடுகள் தூக்கி எறிந்துவிடுவார்கள்.

கரடியும் ஊர்க்காரர்களும்

இந்த ஆறுகளுக்கு மீனுக்காகவே வருவது பழுப்புக் கரடி. பேசிக்கொண்டே நடங்கள், கூட்டமாக இருங்கள், கரடி வந்தால் ஓடாதீர்கள், கைடு சொன்னபடி மெதுவாகப் பின்வாங்குங்கள். மீன் மாட்டியிருக்கும்போது கரடி நெருங்கினால் லைனை அறுத்துவிடுங்கள். தண்ணீரைக் கலக்கும் மீன் சத்தம் தனக்கான சாப்பாட்டு மணி என்று ஒரு கரடி கற்றுக்கொண்டால், அடுத்து வருகிற எல்லாருக்கும் ஆபத்து.

கரையில் மீன் காயவைக்கும் பந்தல் தெரிந்தால் அது இந்தப் பகுதியின் பூர்வகுடிகளான யூபிக் குடும்பங்களின் மீன்பிடி முகாம். அவர்களுக்கு இது குளிர்காலச் சாப்பாடு. படகை மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள், கேட்காமல் படம் எடுக்காதீர்கள். கரையில் இறங்கவும் கைடைக் கேட்க வேண்டும்: வழக்கமாக வெள்ளம் ஏறும் கோட்டுக்கு மேலே உள்ள நிலம் பல இடங்களில் 1971-ல் வந்த அலாஸ்கா பூர்வகுடி நிலச் சட்டத்தின்படி பூர்வகுடிக் கிராம நிறுவனங்களுக்குச் சொந்தம்.

கிளம்பும் நாள்

டிப்ஸ் பொதுவாகக் கட்டணத்தில் 10 முதல் 15 சதவீதம், கைடுக்கும் சமையல்காரர் உள்ளிட்ட மற்ற ஊழியர்களுக்கும் சேர்த்து. பணமாகவே கொண்டுபோங்கள், அங்கே ஏடிஎம் கிடையாது. மீனை லாட்ஜில் துண்டு போட்டு, காற்று நீக்கிய உறையில் அடைத்து, உறைய வைத்து, 50 பவுண்டு பிடிக்கும் மெழுகு அட்டைப் பெட்டியில் தருவார்கள். அது விமானத்தில் ஒரு சரக்குப் பையாகக் கணக்காகும். ஆங்கரேஜில் இரவு தங்கினால் பெட்டியை உறைபெட்டியில் வைக்கிற ஓட்டலாகப் பாருங்கள்.

வீட்டில் மீனை இளக்கும்போது உறையை வெட்டித் திறந்துவிட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள். மூடியபடியே இளக விட்டால் காற்றில்லாத இடத்தில் வளரும் போட்டுலினம் கிருமிக்கு வழி செய்ததாகும். சுஷி மாதிரி பச்சையாகச் சாப்பிட ஆசைப்பட்டால், மைனஸ் 20 டிகிரி செல்சியஸில் 7 நாள் உறைந்திருக்க வேண்டும், ஒட்டுண்ணிப் புழு சாக. கிங் அளவுக்கு எண்ணெய் இல்லாத மீன் இது, அதிகம் வெந்தால் வறண்டு உதிரும். குழம்பு வைப்பவர்கள் புளியும் மசாலாவும் நன்றாகக் கொதித்து எண்ணெய் மிதந்த பிறகு துண்டுகளைப் போட்டு, ஐந்து நிமிடத்தில் அடுப்பை அணைத்துவிடுங்கள்.